சொவெட்டோவுக்கு வந்த விருந்தாளிகள்: ஒரு ரக்பி இறுதிப் போட்டியை வாசித்தல்

2010 மே 29 அன்று தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில், ஒர்லாண்டோ மைதானத்தில், சூப்பர் 14 என்னும் தொழில்முறை ரக்பித் தொடரின் இறுதியாட்டம் நடந்தது. பிரிட்டோரியாவின் புல்ஸ் அணி கேப் டவுனின் ஸ்டார்மர்ஸ் அணியை 25-17 என்று வென்றது. ஆனால் அந்த நாளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஆட்டத்தைப் பற்றியது இல்லை. நீலச் சட்டையும் மாட்டுக்கொம்புத் தொப்பியுமாக வெள்ளை ஆஃப்ரிக்கானர்கள் ஆயிரக்கணக்கில் சொவெட்டோவுக்குள் வந்தார்கள், ஷெபீன்களில் கறுப்பர்களோடு உட்கார்ந்து பீர் குடித்தார்கள், வுவுசெலா ஊதினார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, நாடு ஒன்றாகிவிட்டது. இதுதான் கதை. இந்தக் கதையைத்தான் இங்கு வாசிக்க எடுத்துக்கொள்கிறேன்.

'ரக்பியா? நமக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்று தோழர்கள் கேட்கக்கூடும். தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்குக் கபடியைப் பற்றி எழுதவே கூச்சம். இதில் முட்டைப் பந்து வேறா என்றும் கேட்கலாம். சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல் கிரிக்கெட்டைச் சாக்காக வைத்துக்கொண்டு ஒரு காலனியின் வரலாற்றையே எழுதினார். ரொலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'புராணங்கள்' தொகுப்பு மல்யுத்தத்தைப் பற்றிய கட்டுரையோடுதான் தொடங்குகிறது. நம்முடைய சிறுபத்திரிகைகளில் சினிமாவை வாசிக்கக் கற்றுக்கொண்ட அளவுக்கு விளையாட்டை வாசிக்க நாம் கற்றுக்கொள்ளவில்லை. மக்களுக்குக் கொடுக்கப்படும் அபின் என்று ஒற்றை வரியில் தீர்ப்பெழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அபின் என்றே வைத்துக்கொள்வோம். யார் விற்றது, யார் வாங்கியது, எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அடித்தார்கள் என்றாவது கேட்க வேண்டாமா?

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பக்கத்துக்குப் பதினைந்து பேர், எண்பது நிமிடம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம். ஆனால் கையால் முன்பக்கம் எறியக் கூடாது, பின்னால் வருபவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் 'ட்ரை', ஐந்து புள்ளி. எதிரணி விதியை மீறும்போது கிடைக்கும் பெனால்டியைக் கம்பங்களுக்கு நடுவில் உதைத்தால் மூன்று. புல்ஸ் அணிக்கு இரண்டாவது வழியே உகந்தது. கனத்த உடம்புக்காரர்கள் முன்னால் நின்று முட்டி நெருக்குவார்கள், எதிரணி தவறு செய்யும், மார்னே ஸ்டேன் வந்து உதைப்பார். அன்றைக்கும் அப்படித்தான். பிரான்ஸ்வா ஹௌகார்ட் ஒரு ட்ரை போட்டார். மற்றபடி புள்ளிகளில் பெரும்பகுதி ஸ்டேனின் காலிலிருந்து வந்தவை. பார்க்க அழகான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். பதிவைப் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கண் ஆட்டத்தில் நிற்கவில்லை, கூட்டத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

புல்ஸ் அணி ஏன் சொவெட்டோவுக்கு வந்தது? இந்தக் கேள்வியைக் கதை சொல்பவர்கள் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள். அந்த அணியின் சொந்த மைதானம் பிரிட்டோரியாவில் உள்ள லோஃப்டஸ் வெர்ஸ்ஃபெல்ட். 2010 ஜூன் 11இல் தொடங்கவிருந்த கால்பந்து உலகக் கோப்பைக்காக அந்த மைதானம் ஃபிஃபாவின் கைக்குப் போய்விட்டது. அரையிறுதியும் இறுதியும் ஆட வேறு இடம் வேண்டும். ஒர்லாண்டோ மைதானம் 2008இல்தான் புதுப்பித்துக் கட்டப்பட்டிருந்தது. சுமார் 40,000 பேர் உட்காரலாம். மே 22 அன்று நியூசிலாந்தின் க்ரூசேடர்ஸ் அணியுடன் அரையிறுதி (39-24), அதற்கடுத்த வாரம் இறுதி. ஆக, லோஃப்டஸ் கையில் இருந்திருந்தால் அந்தக் கூட்டம் பிரிட்டோரியாவிலேயே உட்கார்ந்து ஆட்டம் பார்த்திருக்கும். ஒரு சர்வதேச விளையாட்டு நிறுவனத்தின் இட ஒப்பந்தம் நகர்த்திய கூட்டம், பத்திரிகைகளுக்கு வந்து சேரும்போது மனம் மாறி வந்த கூட்டமாக ஆகிவிட்டிருந்தது.

கதை முன்கூட்டியே தயாராகவும் இருந்தது. 1995 ஜூன் 24 அன்று ஜொகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டம், அதில் அணித் தலைவர் பிரான்ஸ்வா பியனாரின் 6ஆம் எண் சட்டையை அணிந்துகொண்டு நெல்சன் மண்டேலா வந்தது, கூடுதல் நேரத்தில் 15-12 என்று நியூசிலாந்தை வென்றது எல்லாம் ஏற்கனவே தேசப் புராணம். அதைக் கிளின்ட் ஈஸ்ட்வுட் 'இன்விக்டஸ்' என்று படமாக எடுத்து 2009 டிசம்பரில் வெளியிட்டிருந்தார். அதற்கு ஆறு மாதம் கழித்துச் சொவெட்டோவில் ஆட்டம். 2010 ஏப்ரல் 3 அன்று வெள்ளை நிறவெறி இயக்கத் தலைவர் யூஜின் டெர்ரெப்ளாஞ்ச் தன் பண்ணையில் கொல்லப்பட்டு, உலகக் கோப்பைக்கு ஆட்கள் வருவார்களா என்ற பயம் நாட்டில் கிளம்பியிருந்தது. ஆகவே கதைக்குத் தேவையும் இருந்தது, வார்ப்பும் இருந்தது. ஆட்டம் வந்து அதில் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

நல்லிணக்கம் என்ற சொல்லைத் தமிழ் வாசகர்கள் அப்பாவித்தனமாகக் கேட்க முடியாது. அதே 2010 மே மாதத்தில்தான் இலங்கையில் 'கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு' நியமிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்க அனுபவத்தை அங்கே கொண்டுசெல்வது பற்றிய பேச்சுகளும் பின்னர் நடந்தன. 2014இல் சிரில் ராமபோசா அதற்கான சிறப்புத் தூதராகக் கொழும்புக்கு வந்துபோனார். இந்தச் சொல் தென்னாப்பிரிக்க முத்திரையோடு நம்மிடம் வந்து சேருகிறது. முத்திரை எங்கே, எப்படிக் குத்தப்பட்டது என்று பார்ப்பது நமக்கும் வேண்டிய வேலைதான்.

இனி ஒர்லாண்டோவுக்குப் போவோம். சொவெட்டோ என்பதே ஒரு ஊர்ப்பெயர் கிடையாது. ஜொகன்னஸ்பர்க்கின் 'தென்மேற்குக் குடியிருப்புகள்' என்னும் நிர்வாகச் சொல்லின் முதலெழுத்துகளைச் சேர்த்து 1963இல் வைத்த பெயர். சுரங்கத்துக்கும் சமையலறைக்கும் ஆள் வேண்டும், ஆனால் இரவில் அவர்கள் நகரத்தில் இருக்கக் கூடாது என்பதற்காகக் கட்டப்பட்ட இடம். அனுமதிச் சீட்டுச் சட்டங்கள் 1986 வரையில் இருந்தன. 1976இல் அங்கிருந்த பள்ளிகளில் கணக்கையும் சமூகப் பாடங்களையும் ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் படிக்க வேண்டும் என்று திணித்தார்கள். ஜூன் 16 காலை, பல பள்ளிகளிலிருந்து மாணவர்கள் ஊர்வலமாகக் கிளம்பினார்கள். எங்கே போவதாகத் திட்டம்? ஒர்லாண்டோ மைதானத்துக்கு. அங்கே கூடிப் பேசுவதாக ஏற்பாடு. ஊர்வலம் போய்ச் சேரவில்லை. ஒர்லாண்டோ மேற்கில் போலீஸ் வழிமறித்துச் சுட்டது. பன்னிரண்டு வயது ஹெக்டர் பீட்டர்சனின் உடலை ஒரு பையன் கைகளில் ஏந்தி ஓடி வர, பக்கத்தில் சிறுவனின் அக்கா அலறிக்கொண்டு வருகிற அந்தப் புகைப்படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாம் ந்ஸிமா எடுத்தது.

ஆஃப்ரிக்கான்ஸை எதிர்த்துக் கிளம்பிய ஊர்வலம் போய்ச் சேர முடியாத மைதானத்துக்கு, முப்பத்துநான்கு வருடம் கழித்து, ஆஃப்ரிக்கான்ஸ் பேசும் கூட்டம் சுகமாக வந்து சேர்ந்தது. ஜூன் 16க்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது. இதை நான் ஏதோ விதியின் விளையாட்டு என்று சொல்ல வரவில்லை. இதைச் சொல்லாமலேயே நல்லிணக்கக் கதையைச் சொல்ல முடிந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். சிலர் சொன்னார்கள், ஆனால் எப்படிச் சொன்னார்கள்? 'அன்று அப்படி, இன்று பாருங்கள் இப்படி' என்று சொன்னார்கள். 1976 இந்தக் கதையில் முன்கதையாக மட்டுமே இடம்பெறுகிறது. முடிந்துபோன ஒன்றாக, 2010ஐ இன்னும் பிரகாசமாகக் காட்டுவதற்கான இருட்டாக. வரலாற்றை மறைப்பதைவிட இப்படி அலங்காரமாக்குவது கெட்டிக்காரத்தனமான வேலை.

பீரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாச் செய்திகளிலும் பீர் வருகிறது. வெள்ளைக்காரன் ஷெபீனில் பீர் குடித்தான் என்பது ஏதோ ஞானஸ்நானம் போல எழுதப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்கள் 'ஐரோப்பிய மது' வாங்கிக் குடிப்பது 1960களின் தொடக்கம் வரை சட்டவிரோதம். ஷெபீன் என்பது அந்தச் சட்டத்துக்கு அடியில், பெரும்பாலும் பெண்கள், வீட்டுக்குள்ளேயே நடத்திய கடை. போலீஸ் வந்தால் பானையைக் கவிழ்க்க வேண்டும். இன்னொரு பக்கம், அரசே குடியிருப்புகளில் பீர்க் கூடங்களை நடத்தி அந்த வருமானத்தில் அந்தக் குடியிருப்புகளின் நிர்வாகச் செலவைப் பார்த்துக்கொண்டது. அடிமைப்பட்டவன் தன் அடிமைத்தனத்தின் செலவைக் குடித்துக் கட்ட வேண்டும் என்னும் ஏற்பாடு. 1976இல் சொவெட்டோ மாணவர்கள் கொளுத்தியவற்றில் இந்தப் பீர்க் கூடங்களும் உண்டு. அப்பாக்களின் கூலி அங்கே கரைவதை அவர்கள் பார்த்திருந்தார்கள். இவ்வளவு வரலாறு உள்ள ஒரு கோப்பை, 2010இல் வெறும் கோப்பையாக, 'நட்பின் அடையாள'மாகக் கையில் ஏறியது. பார்த் சொல்கிற புராணம் இப்படித்தான் வேலை செய்கிறது: பொருளிலிருந்து வரலாறு வடிந்துவிடும், வழவழவென்று ஓர் அடையாளம் மிஞ்சும்.

ரக்பிக்கும் சொவெட்டோவுக்கும் 2010இல்தான் முதல் சந்திப்பு என்பதும் சரியில்லை. 1976 ஜூன் கடைசியில், சொவெட்டோ இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போதே, நியூசிலாந்தின் தேசிய அணி தென்னாப்பிரிக்காவில் சுற்றுப்பயணத்தைத் தொடங்கியது. நான்கு டெஸ்ட் ஆட்டங்கள்; கடைசி ஆட்டம் செப்டம்பரில் ஜொகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க்கிலேயே நடந்தது. இந்தப் பயணத்தைக் கண்டித்துத்தான் இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் மான்ட்ரியல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. குழந்தைகளைப் புதைத்துக்கொண்டிருந்த ஊருக்குப் பக்கத்தில் ஸ்க்ரம் நடந்துகொண்டிருந்தது. அதையும் ஒரு சந்திப்பு என்று கணக்கில் வைக்க வேண்டும்.

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். புதிதாக வந்தவர் விருந்தினர். 2010இன் கதையில் ஆஃப்ரிக்கானர்கள் விருந்தாளிகள், சொவெட்டோ மக்கள் விருந்தோம்புபவர்கள். இந்த உருவகத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். சொவெட்டோவின் பெண்களில் எத்தனையோ பேர் தலைமுறை தலைமுறையாக வெள்ளையர் வீடுகளில் சமைத்தவர்கள், துணி துவைத்தவர்கள், பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர்கள். அந்த வீடுகளின் படுக்கையறையும் குளியலறையும் அவர்களுக்குத் தெரியும். எஜமானிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று தெரியும். எஜமானிக்கோ, ஆயாவின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாது. பல சமயம் ஆயாவின் உண்மையான பெயரும் தெரியாது. ஒருவர் மற்றவரை முழுக்க அறிந்திருக்கிறார், மற்றவர் அறிய வேண்டிய அவசியமே இல்லாமல் வாழ்ந்திருக்கிறார். இந்த ஏற்றத்தாழ்வைத்தான் 'விருந்தாளி' என்ற சொல் மூடிவிடுகிறது. புதிதாக வந்தவர் என்று சொன்ன மாத்திரத்தில், இருவரும் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்துக்கொண்டது போல ஆகிவிடுகிறது.

இன்னொன்று. விருந்தோம்பல் யாருடைய கடமை? எல்லாக் கதைகளிலும் பாராட்டு வந்தவர்களின் தைரியத்துக்குத்தான் முதலில் போகிறது: பயப்படாமல் வந்தார்களே! சொவெட்டோக்காரர்கள் சிரித்த முகமாக வரவேற்றது அவர்களின் 'இயல்பு' என்று ஆகிவிடுகிறது. ஆப்பிரிக்க மனம், உபுண்டு, மன்னிக்கும் குணம்... மன்னிக்கும் குணம் யாருக்கு எப்போதும் இயல்பாக வழங்கப்படுகிறது என்று பார்த்தால், மன்னிக்காமல் இருக்கும் வசதி இல்லாதவர்களுக்குத்தான் வழங்கப்படுகிறது. அவர்கள் அன்றைக்கு ஒன்றும் மன்னித்திருக்க வேண்டியதில்லை. வாகனம் நிறுத்த இடம் கொடுத்திருக்கலாம், இறைச்சி சுட்டு விற்றிருக்கலாம், நாலு காசு பார்த்திருக்கலாம், வந்தவர்களின் கொம்புத் தொப்பியைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். வியாபாரமும் வேடிக்கையும் மன்னிப்பாகப் பெயர்த்து எழுதப்பட்டன.

இதையெல்லாம் சொன்னவுடன், 'அப்போ அங்கே நடந்ததெல்லாம் பொய்யா? அந்தச் சந்தோஷம் பொய்யா?' என்று கேட்பீர்கள். இல்லை. நம் பக்கத்து விமர்சனம் வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான். பதிவில் பார்க்கும் முகங்களில் நடிப்பு இல்லை. உடம்போடு உடம்பு உரசி நிற்பதைச் சட்டம் போட்டுத் தடுத்த நாட்டில், ஒரு பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து கத்துவது சின்ன விஷயமில்லை. பிரிட்டோரியாவிலிருந்து வந்த ஒரு கிழவர், தன் அறுபது வருட வாழ்க்கையில் சுமார் ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்த ஊருக்குள் அன்றுதான் காலடி வைத்து, இங்கே வீடும் முற்றமும் துவைத்துக் காயப்போட்ட துணியும் இருக்கிறது என்று பார்த்திருப்பார் என்றால், அந்தப் பார்வை அவருக்குள் ஏதாவது செய்திருக்கும். அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அவருக்குள் நடந்தது அவருக்குள் நடந்தது. அதை எடுத்து, நிலமும் வீடும் கூலியும் அப்படியே இருக்கிற ஒரு நாட்டின் கணக்கில் வரவு வைப்பது யார் என்பதுதான் கேள்வி. சந்தோஷத்தை மறுக்கிற இடதுசாரிக்கும் அதைக் கணக்கில் ஏற்றிக்கொள்கிற தாராளவாதிக்கும் ஒரு ஒற்றுமை உண்டு: இருவருமே அந்தச் சந்தோஷத்தை அதன் உரியவர்களிடம் விட்டுவைப்பதில்லை.

கதையின் நேர்த்தியைக் குலைக்கும் இன்னொரு விஷயம் ஸ்டார்மர்ஸ் அணி. 'ஆஃப்ரிக்கானர்கள் சொவெட்டோவுக்கு வந்தார்கள்' என்கிற கதையில் எதிரணிக்கு வேலையே இல்லை. மைதானத்தில் பதினைந்து பேர் வேண்டுமே என்பதற்காக நிற்பது போல நிற்கிறார்கள். ஆனால் அந்த அணி வந்த கேப் பகுதியில் ரக்பி, 'கலர்டு' என்று அரசு முத்திரை குத்திய மக்களின் ஆட்டமும்கூட. அவர்களில் மிகப் பலருக்கு வீட்டுமொழி ஆஃப்ரிக்கான்ஸ். இன்றைக்கு ஆஃப்ரிக்கான்ஸைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் பெரும்பான்மையோர் வெள்ளையர் இல்லை. அந்த மொழியே கேப்பின் அடிமைகளும் வேலைக்காரர்களும் டச்சு மொழியை வாயில் போட்டு மென்று உருமாற்றியதில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டில் கேப் டவுன் மதரசாக்களில் அதை அரபு எழுத்தில் எழுதிப் படித்திருக்கிறார்கள். பிறகு வந்த தேசியவாதிகள் அதைச் சுத்தப்படுத்தி, வெள்ளைத் தாய்மொழியாக்கி, கடைசியில் சொவெட்டோப் பிள்ளைகளின் தொண்டையில் திணித்தார்கள். ஒரு மொழிக்கு இப்படியும் நடக்கும். நிற்க. கேப்பின் நிறமக்கள் நியூலண்ட்ஸ் மைதானத்தில் தங்களுக்கென்று ஒதுக்கிய அடைப்புக்குள் நின்றுகொண்டு, தென்னாப்பிரிக்க அணிக்கு எதிராக வந்த வெளிநாட்டு அணிகளுக்குக் கைதட்டிய மரபு உண்டு. நிறவெறி ஆட்சி முடிந்த பின்னும் அவர்களில் ஒரு பகுதியினர் சொந்த ஊர் ஸ்டார்மர்ஸை விட்டுவிட்டு நியூசிலாந்தின் க்ரூசேடர்ஸை ஆதரித்துவந்தார்கள். இவர்களை எந்த நல்லிணக்கப் புகைப்படத்தில் நிறுத்துவது? கைதட்ட மறுப்பதும் ஒரு நினைவு என்பதைப் புகைப்படம் காட்டாது.

கறுப்பர்களுக்குக் கால்பந்து, வெள்ளையர்களுக்கு ரக்பி என்ற பிரிவினைகூட முழு உண்மையில்லை. கிழக்குக் கேப் மாகாணத்தில் மிஷன் பள்ளிகள் வழியாக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கறுப்பர்களிடம் ரக்பி வேரூன்றிவிட்டது. இனபேதமற்ற ரக்பிச் சங்கம் தனியாக இயங்கியது. அசாதாரணச் சமூகத்தில் சாதாரண விளையாட்டு இருக்க முடியாது என்பது அந்த இயக்கத்தின் கோஷம். அதில் க்வாரு என்ற அமைப்பு போர்ட் எலிசபெத்தின் கறுப்பர் குடியிருப்புகளில் இருந்தது. 1976 அக்டோபரில், அதாவது சொவெட்டோ எழுச்சி நடந்த அதே வருடத்தில், வெள்ளை ரக்பியின் உச்சத்துக்குப் போயிருக்கக்கூடிய சீக்கி வாட்சனும் அவர் சகோதரர் வாலன்ஸும் சட்டத்தையும் போலீஸையும் மீறி அந்தக் குடியிருப்புக்குள் போய்க் க்வாருவுக்காக ஆடினார்கள். அவர்களையும் எந்தத் தொலைக்காட்சியும் விருந்தாளி என்று சொல்லவில்லை. வெள்ளைச் சமூகம் ஒதுக்கிவைத்தது. 1986இல் குடும்ப வீடு எரிந்தது. (பின்னாளில் இந்தக் குடும்பத்தின் இன்னொரு சகோதரர் கேவின் வாட்சனின் பொசாசா நிறுவனம் ஜோண்டோ ஆணையத்தின் ஊழல் விசாரணையில் அலசப்பட்டது. புனிதர் பட்டம் கொடுக்க நினைப்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.) 1976இன் வாட்சன்கள் எதையோ இழந்துவிட்டு எல்லையைத் தாண்டினார்கள். 2010இல் தாண்டுவதற்கு டிக்கெட் போதுமானதாக இருந்தது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

தொழில்முறை ஆட்டம் என்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1995 இறுதியாட்டத்துக்கு முந்தின நாள், ஜூன் 23 அன்று, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் ரக்பி வாரியங்கள் ரூபர்ட் மர்டோக்கின் நியூஸ் கார்ப்பரேஷனுடன் பத்து வருடத் தொலைக்காட்சி ஒப்பந்தத்தை அறிவித்தன. சுமார் 55 கோடி டாலர். அடுத்த நாள் மண்டேலா சட்டை அணிந்து வந்தார். ஆகஸ்டில் சர்வதேச வாரியம் அமெச்சூர் விதியைக் கைவிட்டது. 1996இல் சூப்பர் 12 தொடங்கியது, அது 2006இல் சூப்பர் 14 ஆனது. தேசம் அழுதுகொண்டிருந்த நேரத்தில் ஆட்டம் விற்கப்பட்டிருந்தது என்று கோபமாக எழுதலாம். அமெச்சூர் காலம் மட்டும் புனிதமா என்ன? அந்தக் காலத்து அமெச்சூர் ரக்பி வெள்ளைப் பண்ணைக்காரர்களின், வெள்ளைப் பல்கலைக்கழகங்களின், வெள்ளைப் போலீஸின் ஆட்டம். சம்பளம் தேவைப்படாதவர்கள் சம்பளம் வாங்காமல் ஆடினார்கள். தொழில்முறை வந்ததால் சட்டை மாற்றிக்கொள்ளவாவது முடிந்தது. 2007 இறுதியாட்டத்தில் கடைசி நிமிடத்தில் ட்ரை போட்டுப் புல்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த பிரையன் ஹபானா, 2010இல் ஒர்லாண்டோவில் ஸ்டார்மர்ஸுக்கு ஆடினார்.

ஆனால் தொழில்முறை இன்னொன்றையும் செய்தது. ஆட்டத்தைக் காசு கட்டிப் பார்க்கும் தொலைக்காட்சிக்குள் கொண்டுபோய் வைத்தது. சூப்பர் 14 ஒளிபரப்பு சூப்பர்ஸ்போர்ட்டில். அதற்குச் சந்தா வேண்டும். ஊருக்குள் ஆட்டம் நடக்கிறது, ஊர்க்காரர் அதைப் பார்க்க வேண்டுமானால் டிக்கெட் வாங்க வேண்டும் அல்லது சந்தா கட்டிய ஷெபீனுக்குப் போக வேண்டும். மைதானத்துக்கு வெளியில் நின்று ஆரவாரம் கேட்டவர்களும் அந்த இறுதியாட்டத்தின் பார்வையாளர்கள்தான்; கேமரா அந்தப் பக்கம் அதிகம் திரும்பவில்லை. ஜூன் 10 அன்று அதே மைதானத்தில் உலகக் கோப்பைத் தொடக்கக் கச்சேரி, ஷகிரா வந்து பாடினார். சொவெட்டோ ஒரு பதினைந்து நாள் உலகத்தின் பின்னணித் திரையாக இருந்தது.

உலகக் கோப்பை முடிந்ததும் லோஃப்டஸ் திரும்பக் கிடைத்தது. புல்ஸ் வீட்டுக்குப் போனது. அதற்குப் பிறகு ஒரு சூப்பர் ரக்பி இறுதியும் சொவெட்டோவில் நடக்கவில்லை. 2017இல் ஜொகன்னஸ்பர்க்கில் ஒன்று நடந்தது, எல்லிஸ் பார்க்கில். 2021இலிருந்து தென்னாப்பிரிக்க அணிகள் ஐரோப்பாவின் பக்கம் போய்விட்டன. 2022 ஜூனில் இதே ஸ்டார்மர்ஸும் புல்ஸும் அங்குள்ள தொடரின் இறுதியில் கேப் டவுனில் மோதின, ஸ்டார்மர்ஸ் 18-13 என்று வென்றது.

சொவெட்டோ ஆட்டம் நடந்தபோது சியா கொலிசிக்குப் பத்தொன்பது வயது நிறையப் பதினெட்டு நாள் இருந்தது. பிறந்தது 1991 ஜூன் 16, போர்ட் எலிசபெத்தின் ஸ்விடே குடியிருப்பில், அதாவது க்வாருவின் மண்ணில். 2018இல் தென்னாப்பிரிக்கத் தேசிய அணியின் முதல் கறுப்பு டெஸ்ட் தலைவரானார். 2019, 2023 உலகக் கோப்பைகளை அவர் தலைமையில் வென்றார்கள். இவரையும் கதைக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆனால் ஸ்விடேயின் ரக்பி அவரை நேராகத் தேசிய அணிக்குக் கொண்டுபோகவில்லை. பன்னிரண்டு வயதில் ஓர் இளையோர் போட்டியில் கண்ணில்பட்டு, உதவித்தொகையோடு, வெள்ளையர்கள் உருவாக்கிய கிரே பள்ளிக்குப் போனார். அங்கிருந்துதான் கேப் டவுன். திறமையுள்ள பையன் ஊரை விட்டு வெளியேறிப் போகும் பாதை அது. சொவெட்டோவுக்கு வந்த கூட்டம் சாயங்காலம் திரும்பிப் போன பாதையும் அந்தத் திசையில்தான் கிடக்கிறது. கிழக்குக் கேப்பின் குடியிருப்புகளில் நூறு வருடத்துக்கும் மேலாக ரக்பி ஆடிக்கொண்டிருக்கும் சங்கங்களின் புல்லில்லாத மைதானங்களைப் பற்றி யாராவது படம் எடுத்தால், அதை நான் இரண்டு முறை பார்ப்பேன்.